அருவி நீர் யாருக்கு?

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தின் முகமே மாறிவிடுகிறது. திரிகூட மலைமீது மேகம் கவிகிறது. சாரல் அடிக்கிறது. ஐந்தருவியின் ஐந்து கிளைகளும் நிறைந்து கொட்டுகின்றன. சங்கரன்கோவிலிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் விசைத்தறித் தொழிலாளர்கள், ஆலங்குளம், கடையம் பக்கங்களிலிருந்து பீடி சுற்றும் தாய்மார்கள், விவசாயக் கூலிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் கட்டுச்சோற்று மூட்டையுடன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். வருஷம் முழுவதும் உழைத்த உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு. வக்கீலும் வண்டிக்காரரும் ஒரே நீரின் கீழ் தலையைக் கொடுத்து நிற்கும் இடங்கள் நம் நாட்டில் அதிகமில்லை. ஐந்தருவி அப்படிப்பட்ட இடம்.

இதே மலையின் அடிவாரத்தில் சில ஆண்டுகளாக வேறு வகை அருவிகளும் முளைத்தன. இவற்றுக்கு மதில் உண்டு, கேட் உண்டு, கட்டணம் உண்டு. காட்டிலிருந்து இறங்கும் ஓடையின் குறுக்கே மணல் மூட்டையையோ சிமெண்ட் கட்டையோ வைத்து மறித்து, குழாய் போட்டு நீரை இழுத்து, செயற்கையாகக் கட்டிய பாறையின் உச்சியிலிருந்து விழ வைப்பது. அதன் கீழே குளியல் தொட்டி. சுற்றிலும் பச்சைப் புல்தரை. நடுவில் தங்கும் அறைகள். இதற்கு உல்லாச விடுதி என்று பெயர். குண்டாறு, மேக்கரைப் பக்கங்களிலும் தனியார் தோட்டங்களுக்குள் அருவிகள் சுற்றுலாச் சரக்காகிவிட்டன. "கூட்டமில்லாத குளியல்", "உங்களுக்கே உங்களுக்கான அருவி" என்பது இவர்களுடைய விளம்பரம். கூட்டம் என்று இவர்கள் சொல்வது யாரை? மேலே நாம் சொன்ன ஜனங்களைத்தான்.

விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2022 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவிகளை உண்டாக்கிய தனியார் விடுதிகளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும், அதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு வந்த பிறகுதான் அதிகாரிகளுக்கு மலையடிவாரத்துக்குப் போகும் வழி தெரிந்தது. ஆய்வு நடந்தது, சில இடங்களில் நடவடிக்கையும் எடுத்தார்கள். நல்லது. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஓடையை மறித்துச் சிமெண்ட் மலை கட்டுவது ஒரே இரவில் முடிகிற காரியமா? செங்கல் லாரி போயிற்று, கம்பி போயிற்று, மின்சார இணைப்புக் கொடுக்கப்பட்டது, வீட்டு வரி ரசீது போடப்பட்டது. ஓர் ஏழை விவசாயி கால்வாய்க் கரையில் ஒரு குடிசை போட்டால் மறுநாள் காலையில் நோட்டீஸ் வருகிறதே, அந்தச் சுறுசுறுப்பு இங்கே எங்கே போயிற்று?

விடுதி முதலாளிகள் தரப்பில் சொல்லப்படும் சமாதானங்களையும் பார்த்துவிடுவோம். "நீரை நாங்கள் குடித்துவிடவில்லை, விழ வைத்துவிட்டு ஓடைக்கே திருப்பி விடுகிறோம். ஒரு சொட்டும் குறையவில்லை" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். திருப்பி விடுவது எந்த நீர்? சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கலந்த நீர்; பல இடங்களில் சமையற்கட்டுக் கழிவும் சேர்ந்த நீர். அருவிகளில் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாதென்று ஹைகோர்ட் தடை விதித்தது. சரியான தடை, நாம் அதை ஆதரிக்கிறோம். பொது அருவியில் ஒரு பீடித் தொழிலாளி சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் போலீஸ்காரரின் விசில் கேட்கிறது. மதிலுக்குள்ளே விசில் ஊத யார் இருக்கிறார்கள்?

அதைவிட முக்கியமானது காலக்கணக்கு. ஜூலை மாதத்தில் ஓடை பொங்கி ஓடும்போது ஒரு குழாய் எடுப்பது கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் சாரல் நின்று ஓடை மெலிகிறது. கார் நெல் பால் பிடிக்கும் நேரம். கடைமடைக்காரர் வாய்க்கால் கரையில் மண்வெட்டியுடன் காத்திருக்கும் நேரம். ஆனால் விடுதியில் சனிக்கிழமை அறை பதிவாகிவிட்டது; அருவி விழுந்தே ஆக வேண்டும், தொட்டி நிரம்பியே ஆக வேண்டும், புல் பச்சையாக இருந்தே ஆக வேண்டும். ஓடை மெலிந்த நாட்களில்தான் குழாயின் பங்கு பெரிதாகிறது. வருஷத்துச் சராசரிக் கணக்கைக் காட்டி இதை மறைக்க முடியாது.

இந்த நீர் எங்கே போகிற நீர் என்பதை நகரத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐந்தருவியில் விழும் நீர் ஐந்தருவியாறாகச் சிற்றாற்றில் சேர்கிறது. அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி, கருப்பா நதி எல்லாம் அந்தச் சிற்றாற்றின் குடும்பம்தான். தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கும் இந்த ஆற்றுத் தொகுதியில் 17 அணைக்கட்டுகள். அவற்றை நம்பிச் சுமார் 22,000 ஏக்கர் நிலம். இது மேட்டூரைப் போலப் பெரிய நீர்த்தேக்கத்தில் பிடித்து வைத்து, மாதக் கணக்கில் அளந்து விடுகிற பாசனமல்ல. குண்டாறு அணையின் உயரம் 36 அடிதான். ஒரு நல்ல சாரலில் நிரம்பிவிடும், நிரம்பிய பின் வழியும். குளத்துக்குக் குளம், கால்வாய்க்குக் கால்வாய், வந்த நீரை வந்தபோதே வாங்கிக்கொள்ளும் பாசனம் இது. இப்படிப்பட்ட ஆற்றின் தலைமாட்டில் கை வைத்தால் கால்மாட்டில் இருப்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். அவன் போய்ச் சொல்வதற்குத்தான் இடமில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதை நாடு மறந்திருக்காது. அது மலைமீது பெய்த மழையின் வெள்ளம். அந்தப் பழியை விடுதிகள் தலையில் சுமத்த நாம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் ஒரு விஷயத்தைக் காட்டியது: இந்த மலையில் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையே சில நிமிஷங்கள்தான். இத்தகைய சரிவில் ஓடையின் வழியை இஷ்டத்துக்கு வெட்டித் திருப்புவதும், மரங்களை அகற்றிப் புல்தரை போடுவதும் விளையாட்டுக் காரியமல்ல.

புல்தரை என்றோம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஓடைக் குழாயை எல்லோரும் குற்றமாகப் பார்க்கிறார்கள்; புல்லைப் பார்த்தால் "ஆகா, என்ன பசுமை!" என்கிறார்கள்.

உல்லாசத்துக்கான புல்லின் முழு விஸ்வரூபத்தைக் காண வேண்டுமானால் கோல்ப் மைதானத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தருவியில் கோல்ப் மைதானம் கிடையாது. ஆனால் 2023-ல் தமிழக சர்க்கார் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை இந்தத் துறைக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்து, முதலீட்டுக்கு மானியமும் அறிவித்தது. மானியம் வரும் வழியில் மைதானமும் வராது என்று யார் உறுதி கூற முடியும்? வருமுன் கணக்குப் போட்டு வைப்பது நல்லது.

பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு மைதானத்துக்கு 120 முதல் 200 ஏக்கர் வரை நிலம் பிடிக்கும். அதில் வளர்க்கும் புல் பெரும்பாலும் எது தெரியுமா? நம் விவசாயி வரப்பில் களையென்று பிடுங்கி எறிகிறானே, அந்த அறுகம்புல்லின் கலப்பினங்கள்தான். வரப்பில் யாரும் நீர் விடாமலே அது உயிர் வாழ்கிறது. மைதானத்தில் குழிகளைச் சுற்றியுள்ள தளத்தில் அதை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு அனேகமாகத் தினமும் வெட்டுகிறார்கள். இப்படி ஒட்ட வெட்டப்பட்ட புல்லுக்கு வேர் ஆழமாகப் போகாது. நோய் எளிதில் பிடிக்கும். ஆகவே நீர், உரம், பூஞ்சை மருந்து, பூச்சி மருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீர்க் கணக்கை எடுத்துக்கொள்வோம். வெயில் நாளில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் புல்லிலிருந்து ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர். கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாய் நீர் என்பது மத்திய சர்க்காரின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஆக ஓர் ஏக்கர் புல்தரை குடிப்பது 360 பேருக்கு மேற்பட்டவர்களின் நீர். அறுபது ஏக்கருக்குப் பாய்ச்சினால் 12 லட்சம் லிட்டர். 22,000 பேரின் நீர். விடுதி முகப்பில் உள்ள அரை ஏக்கர் புல்லுக்கும் இதே வாய்பாடுதான். அடுத்த முறை புல்தரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நண்பர்கள் பெருக்கிப் பார்க்கட்டும்.

மருந்துக் கணக்கு இன்னும் மோசம். சமவெளி மைதானத்தில் தெளித்தது மண்ணில் தங்கிச் சிதையக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சாரல் அடிக்கும் சரிவில் தெளித்த மருந்தும் உரமும் அடுத்த மழையிலேயே ஓடைக்கு வந்துவிடும். கீழே குளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் கீழே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்தடிக்கும் தொழிலாளி கையுறையும் முகமூடியும் இல்லாமல், தற்கூலிக்கு நிற்கிறார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குற்றச்சாட்டுகள் புதியவையல்ல. ஜப்பானில் 1987-ல் உல்லாசத்தலங்களை வளர்ப்பதற்கென்றே சட்டம் போட்டார்கள். மலைச்சரிவுகளில் கோல்ப் மைதானங்கள் பெருகின. காடு போயிற்று, ஓடையில் மருந்து வந்தது என்று கிராமத்து ஜனங்கள் எழுந்தார்கள். மெக்ஸிகோவில் தெபோஸ்த்லான் என்ற மலைக் கிராமத்தில் 1995-ல் ஒரு கோல்ப் மைதானத் திட்டம் வந்தது. தங்கள் நீரும் நிலமும் பறிபோகும் என்று கண்ட ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். விவசாயிகளின் தலைவன் ஜபாட்டாவின் நினைவு நாளான 1996 ஏப்ரல் 10 அன்று போலீசார் அவர்கள்மீது பாய்ந்ததில் ஒரு முதியவர் உயிரிழந்தார். அதன் பிறகுதான் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. பிரான்ஸில் 2022 ஆகஸ்டில் கடும் வறட்சி. வீட்டுத் தோட்டத்துக்கு நீர் விடவும் கார் கழுவவும் தடை. ஆனால் கோல்ப் தளங்களுக்கு மட்டும் விலக்கு! ஆத்திரமடைந்த சிலர் தூலூஸ் நகரருகே மைதானக் குழிகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். அந்தக் காரியத்தை நாம் சிபாரிசு செய்யவில்லை. விலக்குக் கொடுத்தவர்களின் மனப்பான்மையைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

நம் கிண்டியில் நடந்ததும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்ததுதான். குதிரைப் பந்தயக் கிளப்புக்கு 160 ஏக்கர் 86 சென்ட் சர்க்கார் நிலம், வெள்ளைக்காரன் காலத்தில், 1945-ல், 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம். ஓலைக் குடிசைக்குக்கூட இந்த வாடகையில் இன்று ஒரு மாதம் இடம் கிடைக்காது. அந்தத் திடலுக்குள்ளேதான் ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானமும் இருந்தது. வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சர்க்கார் கேட்டது. 2023 மார்ச்சில் ஹைகோர்ட் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்துச் செய்து சீல் வைத்தது. வேளச்சேரி வெள்ளத்தில் மிதக்கிறதே என்று அந்த நிலத்தில் மழைநீர்க் குளங்கள் வெட்டத் திட்டமிட்டார்கள். பூங்கா அமைக்கவும் திட்டமிட்டார்கள். வழக்குகள் தொடர்ந்து நடந்தன. கவனிக்க வேண்டியது இதுதான்: எத்தனை சிறப்பாகப் புல் வளர்த்திருந்தாலும், அந்த நிலத்தின் உபயோகம் என்ன என்ற கேள்வியை 79 வருஷம் யாராலும் கேட்க முடியவில்லை. கியூபாவில் 1961-லேயே கேட்டுவிட்டார்கள். ஹவானாவில் கோடீஸ்வரர்களின் கன்ட்ரி கிளப் கோல்ப் மைதானத்தில் தேசியக் கலைப் பள்ளிகளைக் கட்டத் தொடங்கினார்கள்.

அப்படியானால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் ஒரு மைதானத்தையோ விடுதியையோ நடத்தவே முடியாதா? முடியும். இதில் நாம் வீம்புக்குப் பேச விரும்பவில்லை. நன்னீரைத் தொடாமல், சுத்திகரித்த சாக்கடை நீரையே புல்லுக்கு விடலாம். சண்டிகரில் கோல்ப் கிளப்புக்கு அப்படிப்பட்ட நீர் கொடுக்கிறார்கள். ஆடும் இடத்தில் மட்டும் புல்லை வைத்துக்கொண்டு மற்ற இடத்தில் அந்த மண்ணுக்குரிய மரத்தையும் புதரையும் விட்டுவிடலாம். ஓடையின் இரு கரையிலும் அகலமாகக் காட்டுச் செடிகளை விட்டு, அதற்குள் மருந்து தெளிப்பதை அடியோடு நிறுத்தலாம். மழைநீரைத் தன் நிலத்திலேயே தேக்கி அதற்குள் அடங்கி வாழலாம். வெயில் காலத்தில் புல் பழுத்தால் பழுக்கட்டும் என்று விட்டுவிடலாம். மழை விழுந்ததும் அறுகு தானே துளிர்க்கும். இவையெல்லாம் நிரூபிக்கப்பட்ட முறைகள். இவற்றைச் செய்கிறவனை நாம் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் செய்தானா இல்லையா என்று பார்ப்பது யார்? மேல்நாடுகளில் இதற்கென்று சான்றிதழ் கொடுக்கும் ஸ்தாபனங்கள் இருக்கின்றன. அவற்றை நாடிப் போவது மைதானக்காரர்களின் இஷ்டம். கீழ்மடை விவசாயி எந்தச் சான்றிதழிலும் கையெழுத்திடுவதில்லை. முகப்பில் "பசுமை விடுதி" என்று பலகை மாட்டிவிட்டுப் பின்பக்கம் ஓடையில் குழாய் போட்டிருப்பவனை அந்தக் காகிதம் என்ன செய்யும்? மேலும், பம்பாய் ஹைகோர்ட் 2016 ஏப்ரலில் ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டியிருக்கிறது. மராத்வாடா ஜனங்கள் குடிநீருக்கு ரயிலை எதிர்பார்த்துக் கொண்டிருந்தபோது, கிரிக்கெட் திடலுக்கு நீர் ஊற்றுவதா என்று கேட்டு, அந்த மாதக் கடைசிக்குப் பிறகான ஐ.பி.எல். பந்தயங்களை மகாராஷ்டிரத்தைவிட்டே வெளியே போகச் சொன்னது. ஆட்டத்தை எவ்வளவு சிக்கனமாக நடத்துகிறாய் என்று கோர்ட் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. யாருக்கு முதலில் நீர் என்று கேட்டது. சிற்றாற்றுக்கும் அந்தக் கேள்விதான் பொருந்தும்.

வேலைவாய்ப்புப் பற்றிய வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. சீசன் மூன்று மாதத்தை நம்பி வாழும் ஆட்டோ ஓட்டிகள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி விற்கும் பெண்கள், சின்ன லாட்ஜ்காரர்கள் எல்லோரும் நம் மக்கள். ஆனால் இவர்களுக்குச் சோறு போடுவது பொது அருவிக்கு வரும் ஜனக்கூட்டம். மதிலுக்குள் சாப்பாடு, மதிலுக்குள் குளியல், மதிலுக்குள் கார் என்று வந்து போகிறவர்களால் கடைத்தெருவுக்கு என்ன வரும்? விடுதியில் வேலை பார்க்கும் பையன்களுக்குச் சீசன் முடிந்தால் வேலை முடிந்தது. விடுதி மூடப்பட்டாலும் முதலில் தெருவில் நிற்பது அவர்கள்தான். ஆகவே எந்த நடவடிக்கையிலும் அவர்களுடைய பாக்கிச் சம்பளத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்க வேண்டும்.

சர்க்காரின் சொந்த வீட்டையும் ஒருமுறை பார்க்கலாம். ஐந்தருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டத்துக்குள் ஓர் அருவி இருக்கிறது. பழத்தோட்ட அருவி என்பது அதன் பெயர். ஊரார் வைத்த பெயர் வி.ஐ.பி. அருவி. பொதுஜனங்களுக்கு அங்கே நீண்ட காலமாக அனுமதியில்லை. பிரமுகர்களுக்குக் கதவு திறந்தது. காட்டையும் ஓடையையும் காப்பாற்ற மூடி வைக்கிறோம் என்றால் மந்திரிக்கும் ஜட்ஜுக்கும் சேர்த்து மூடுங்கள், நாம் வரவேற்போம். குளிக்கலாம் என்றால் எல்லோரையும் முறை வைத்து விடுங்கள். தன் தோட்டத்திலேயே தனி அருவி வைத்திருக்கும் சர்க்கார், தனி அருவி வைத்திருக்கும் முதலாளியிடம் எந்த வாயால் பேசும்?

தென்காசி ஜில்லா 2019 நவம்பரில் பிறந்தபோது, நிர்வாகம் ஜனங்களுக்கு அருகில் வந்துவிட்டது என்றார்கள். அருகில் வந்த நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. 2022 உத்தரவுக்குப் பிறகு எந்தெந்த விடுதி, எந்த சர்வே எண், எந்த ஓடையில், எத்தனை அங்குலக் குழாய் போட்டிருந்தது, என்ன நடவடிக்கை, குழாய் அகற்றப்பட்டதா, மறுபடி போடப்பட்டதா என்ற முழுப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்ட வேண்டும். அணைக்கட்டுகளுக்கு மேலே தனியாருக்கு ஓடை நீர் கிடையாது என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். கிணறோ ஆழ்துளைக் குழாயோ வைத்திருக்கும் விடுதிகளுக்கு மீட்டர் பொருத்தி, அந்தக் கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துத் தன் புல்லுக்குத் தானே விடாத விடுதிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கூடாது. ஓடைக்கரையில் மருந்தடிப்பைத் தடை செய்ய வேண்டும். ஆய்வுக்குப் போகும் குழுவில் சிற்றாற்றுப் பாசன விவசாயிகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். எந்த மடையில் எந்த வாரம் நீர் குறைந்தது என்பது அவர்களுக்கு அதிகாரிகளைவிட நன்றாகத் தெரியும். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகும் ஆய்வில் குழாய் ஒளிந்துகொள்ளும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

விவசாயிகள் சும்மா இருந்துவிடவும் கூடாது. ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் இரண்டு பேர் வீதம் பொறுப்பேற்று, மே மாதத்திலேயே தலைமாட்டு ஓடைவரை நடந்து பார்த்து, கண்டதைத் தேதியோடு எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாத மனு மனுவே அல்ல என்பது நம் அனுபவம். பட்டியல் சீசன் முடிந்த பிறகு வந்து பயனில்லை. முதல் சாரல் விழும் முன் அது பஞ்சாயத்துச் சுவரில் இருக்க வேண்டும்.